மூன்றாம் படுக்கைச் சேறு

கணுக்கால் மாவுக்கட்டை அவிழ்த்த மறுநாள் காலை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிகளில் ஒருத்தி கைப்பிடிச் சுவரைத் தழுவியபடி மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டை எல்லாம் ஓட வைப்பவனுக்கு, தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டுக்கு மட்டும் நேரம் வாய்ப்பதில்லை.

அவளை அங்கே எல்லோரும் ‘சேறு மேடம்’ என்பார்கள். ஏரிச் சேற்றை ஆராய்கிறவள். இத்தனை வருஷம் கண் விழித்துப் படித்து, கடைசியில் சேறு என்று பெயர் எடுத்ததை அவளே சொல்லிச் சிரிப்பாள். கால் உடைந்த கதையையும் அவளே பரப்பியிருந்தாள். நம் ஏரிச் சேற்றைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம் என்று ஏரிக் குழுவின் முன்னால் கரையில் நின்று விளக்கிக்கொண்டிருந்த அதே வாக்கியத்தின் நடுவில் வழுக்கி விழுந்தாள். வாக்கியத்தைப் படுத்துக்கொண்டே முடித்தாள்.

அன்று மத்தியானம் அதே ஏரிக் குழு மொட்டை மாடிக்கு வருகிறது. அதை நினைத்தால், கால் வலித்தாலும் இரண்டு இரண்டு படியாகத் தாவத் தோன்றியது. தாவவில்லை. குழுவின் முன் இரண்டாவது முறை படுத்துக்கொண்டு பேச அவளுக்கு விருப்பமில்லை.

விஷயம் இதுதான். ஊர் ஏரிக்குள் வருஷக்கணக்காகச் சாக்கடை ஓடியது. ஒரு வழியாக அதை மறித்துத் திருப்பிவிட்டார்கள். இனி ஏரி தெளிந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஏரி தெளியவில்லை. வெயில் ஏற ஏறப் பச்சைக் கூழாகத் திரண்டது, நாறியது, மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. காரணம் அடியில் இருந்தது. தின்றதெல்லாம் சேறாகத் தங்கியிருந்தது. அந்தச் சேற்றில் பாஸ்பரஸ் என்ற சத்து கொள்ளையாகக் கிடந்து, மூச்சுக்காற்று எட்டாத கறுப்புக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கு ஏறிக்கொண்டிருந்தது. பாசிக்கு அது தினமும் கல்யாண விருந்து. சாப்பாட்டை நிறுத்திய பிறகும் பழைய விருந்தை நினைத்து நினைத்து ஏப்பம் விடுகிற மனிதரைப் போல ஏரி இருந்தது என்று அவள் விளக்குவாள்.

இதற்குக் குழுவிலிருந்த பொறியாளரின் வைத்தியம் எளிமையானது. பெரிய இயந்திரத்தை இறக்கி அடிச்சேறு முழுவதையும் வாரிவிடுவது. சேறு மேடத்தின் வைத்தியம் செடி. தண்ணீருக்கு அடியிலேயே வேரூன்றி வளரும், இலைகள் பச்சை நாடாவைப் போல நீண்டு ஆடும் ஒரு செடி. நாடாச்செடி என்பாள். வேர் சேற்றிலிருந்து சத்தை உறிஞ்சும், இலை தண்ணீரிலிருந்து உறிஞ்சும். அதைவிட அவளைக் கிறுக்காக்கியது வேறொன்று: அந்த வேர்கள் கறுப்புச் சேற்றுக்குள் பிராணவாயுவைக் கசியவிடும். வாயு பட்டதும் சேற்றிலிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். துரு பாஸ்பரஸை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மேலே விடாது. வீட்டில் துருப்பிடித்தால் திட்டுகிற நாம் ஏரிக்கடியில் துருப்பிடித்தால் கை தட்ட வேண்டும் என்று அவள் சொன்னபோது பொறியாளர் கை தட்டவில்லை.

ஏரியின் வடக்கு மூலையையாவது செடிக்கு விடுங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். இன்று தொட்டிகளைப் பார்த்துவிட்டுக் குழு முடிவு சொல்லும். இல்லை என்றால் அடுத்த வாரம் இயந்திரம் வடக்கு மூலையில்தான் முதலில் இறங்கும். அந்த ஊர் ஏரியில் கடைசியாக நாடாச்செடி மிச்சமிருந்ததும் அந்த மூலையில்தான். வாரிப் போட்டால் பிறகு நடுவதற்குக்கூடச் செடி இருக்காது.

மாடியில் வரிசையாக ஆறு தொட்டிகள். ஆய்வகத்தில் வெயில் எட்டிப்பார்க்காது என்பதால் சோதனையை வீட்டு மாடிக்குக் கொண்டுவந்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே ஏரிச் சேறு, ஒரே அளவு தண்ணீர். இரண்டு, நான்கு, ஆறில் செடி. ஒன்று, மூன்று, ஐந்தில் வெறும் சேறு மட்டும். செடி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் செடி இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்றும் தெரிய வேண்டும் அல்லவா.

கால் உடைந்து கிடந்த வாரங்களில் இந்த ஆறையும் பார்த்துக்கொண்டவர் அவளுடைய மாமியார். ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். கட்டடம் முழுக்க அவரை இன்னும் ‘சிஸ்டர்’ என்றுதான் அழைக்கிறது, மகன் உட்பட. தொட்டிகளை அவர் முதல் நாளிலிருந்தே படுக்கை என்றுதான் சொன்னார். நாலாம் படுக்கையில் தண்ணீர் குறைந்திருக்கிறது, ஆறாம் படுக்கைக்கு வெயில் போதவில்லை. வாரம் தவறாமல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குப்பித் தண்ணீர் எடுத்து, தேதி ஒட்டி, ஃப்ரீஸரில் அடுக்கினார். அந்த ஒழுங்கைப் பார்த்து மருமகளுக்கு ஆய்வகத்தில் தன்னுடன் வேலை செய்பவர்கள் மேல் கோபமே வந்தது.

அவள் மாடியிலேயே மேஜை போட்டாள். அந்த வாரத்துக் குப்பிகளில் உறைந்திருந்த தண்ணீரை உருக்கி, வடிகட்டி, ஆறு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, நீலம் காட்டும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாஸ்பரஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கரு நீலம். குழாய்களை வெயில் பக்கம் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள்.

இரண்டு, வெளிர் நீலம். நான்கு, வெளிர் நீலம். ஆறு, நீலமா தண்ணீரா என்றே சந்தேகம். ஒன்று பேனா மை மாதிரி இருட்டியது. ஐந்தும் மை. அவளுக்கு யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. மேஜைதான் பக்கத்தில் இருந்தது.

பிறகு மூன்றைப் பார்த்தாள்.

மூன்று வெளிறிக்கொண்டு நின்றது. செடியே இல்லாத மூன்று.

மருந்தை மறுபடி விட்டாள். வேறு குழாயில் மறுபடி விட்டாள். குப்பி மாறிவிட்டதோ என்று நேரே தொட்டியிலிருந்து மொண்டு பார்த்தாள். வெளிர் நீலம். செடியில்லாத மூன்று தொட்டிகளில் ஒன்று செடி உள்ளதைப் போலவே நடந்துகொண்டால், செடி ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் தற்செயல் என்று எந்தக் குழந்தையும் சொல்லும். பொறியாளர் குழந்தை அல்ல. அவர் போன தடவையே ஒரு கேள்வியை எறிந்துவிட்டுப் போயிருந்தார். செடியை முதல் நாளே நட்டுவிட்டீர்கள், அது நோய் வருவதற்கு முன்னாலேயே கொடுத்த மருந்து. ஏரியோ ஏற்கெனவே படுத்தாகிவிட்டது, முற்றின நோய் உங்கள் செடிக்குக் கேட்குமா என்று. அதற்கான சோதனையையே அவள் செய்திருக்கவில்லை. இப்போது இது வேறு.

லிஃப்ட் மெக்கானிக் டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் நல்லவன். நல்லவர்களுக்கு வரும் கெட்ட யோசனைகள் எல்லாம் உடனே வரும்.

“மூணாம் தொட்டியைக் கவுத்துடலாமா? பூனை தள்ளிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“அந்தத் தொட்டியை நாலு பேர் சேர்ந்து தூக்கி வெச்சோம். எவ்வளவு பெரிய பூனைங்க அது?”

அவன் பூனையின் அளவைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டு, லிஃப்டையாவது சரிபண்ணுகிறேன் என்று இறங்கிப் போனான். அவள் கவிழ்க்கப் போவதில்லை. கவிழ்த்தால், பிறகு ஒன்றையும் ஐந்தையும் பார்க்கும்போதெல்லாம் மூன்று காலியாக நின்று முறைக்கும். அதோடு, மூன்று ஏன் வெளிறியது என்று தெரியாமல் அவளால் சாப்பிட முடியாது, தூங்க முடியாது. அதுவும் ஒரு வியாதிதான்.

ஃப்ரீஸரிலிருந்து மூன்றாம் தொட்டியின் பழைய குப்பிகள் அத்தனையையும் எடுத்துவந்தாள். வாரவாரமாக வரிசைப்படுத்தி மருந்து விட்டாள். முதல் வாரம் லேசான நீலம். அடுத்தடுத்த வாரங்கள் கறுத்துக்கொண்டே போய், ஒரு வாரத்தில் அசல் மை. அதன் பிறகு கொஞ்சம் இறங்கி, இன்னும் இறங்கி, கடைசியில் வான நீலம். தானாக மாறியதல்ல இது. மை வாரத்துக்குப் பிறகு மூன்றாம் தொட்டிக்கு ஏதோ நடந்திருக்கிறது.

அப்போதுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். சிஸ்டர் காலையிலிருந்து மாடிக்கு வரவில்லை. ஆறு படுக்கைகளையும் விடிந்ததும் பார்க்காவிட்டால் தலைவெடித்துவிடும் என்பவர், கீழே ஏற்கெனவே மடித்த துணிகளை அவிழ்த்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து மூன்றாம் தொட்டியின் மேற்குப் பக்கத்துச் சேற்றில் நேராக அழுத்தினாள். மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்து இழுத்தாள். குழாய்க்குள் சேறு அப்படியே வந்தது. தார் மாதிரிக் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். கிழக்குப் பக்கத்தில் இன்னொரு குழாயை அழுத்தி இழுத்தாள்.

கறுப்புக்குள் செம்பழுப்பு நரம்புகள். மேலிருந்து கீழே மெல்லிய கோடுகளாக, ஒவ்வொரு கோட்டையும் சுற்றி ஒரு துரு வளையம். நடுவில் அறுந்துபோன வெள்ளை வேர் ஒன்று நூலைப் போலத் தொங்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். நாற்றம் இல்லை. மழை பெய்த மண்ணின் வாசனை.

கால் உடைந்தவள் என்பதை அவள் கால் மறந்துபோனது. குழாயைக் கையில் ஏந்தியபடி படிகளில் இறங்கினாள். வீட்டுக்குள் குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வாளி. வாளிக்குள், மேலே ஈரத்துண்டு போர்த்தி, ஒரு கட்டு நாடாச்செடி. வேரெல்லாம் துரு நிறம்.

சிஸ்டர் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை.

“அத்தை, மூணாம் தொட்டியில செடி வெச்சீங்களா?”

“தொட்டி முழுக்க வைக்கல. ஒரு ஓரத்துல.”

“எதுக்கு?”

சிஸ்டர் ஒரு தலையணை உறையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் கீழே வைத்தார்.

“முப்பது வருஷம் வார்டு பாத்திருக்கேன்மா. என் வார்டுல இந்த நாத்தம் நாறி ஒரு படுக்கை இருந்ததில்ல. ஒண்ணும் அஞ்சும்கூட இவ்வளவு நாறல. பக்கத்துல நாலாம் படுக்கையில மருந்து தழைச்சு நிக்குது, கிளை விட்டு வெளிய வழியுது. அதுல நாலு கிள்ளி இங்க வெச்சா குறைஞ்சா போயிடும்? நீ கீழ காலைத் தூக்கி வெச்சுட்டுப் படுத்திருந்தே. உன்கிட்ட கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே.”

“சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல.”

“அப்புறம் ஏன் பிடுங்கினீங்க?”

“நேத்து உனக்குக் கட்டு பிரிச்சாச்சு. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப வார்டைச் சரிபண்ணி வைக்கறது வழக்கம்தானே.”

பெரிய டாக்டர் என்று தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிய மருமகளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆறு தொட்டி, இத்தனை மாத வேலை, வடக்கு மூலை, எல்லாம் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸின் இரக்கத்தில் குழம்பிப் போய்க் கிடந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து கேள்விதான் வந்தது.

“எப்ப வெச்சீங்க அத்தை? எந்த வாரம்?”

“ரொம்ப நாறின வாரம். நானே மூக்கைப் பொத்தினேன்னா பாத்துக்கோ. குப்பியில தண்ணி எடுத்தேன், எடுத்த கையோட செடியை நட்டேன்.”

மை வாரம். நோய் முற்றிய பிறகு, அதுவும் முற்றிய அன்றே. பொறியாளர் கேட்ட கேள்விக்கு அவள் செய்யாமல் விட்ட சோதனையை மாமியார் செய்து முடித்திருந்தார், ஒளித்தும் வைத்திருந்தார், போதாக்குறைக்குப் பிடுங்கியும் போட்டிருந்தார். ஒரே தொட்டிக்குள் ஒரு பக்கம் வேர், ஒரு பக்கம் வெறும் சேறு. திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு அழகாக அவளுக்கு வந்திருக்காது. அவள் திட்டமிட்டுச் செய்தவற்றின் லட்சணம் அவளுக்குத் தெரியும், கணுக்கால் சாட்சி.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிஸ்டர் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, குழாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இந்தச் சிவப்பைப் பாருங்கள், இது துரு, நீங்கள் நட்ட வேர் மூச்சுவிட்ட இடமெல்லாம் துரு, பாஸ்பரஸ் இதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னாள். சிஸ்டர் குழாயை வாங்கி முகர்ந்து பார்த்தார். தையல் பிரித்த புண்ணைப் பார்ப்பதைப் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆறுது, என்றார்.

அடுத்த சில மணி நேரம் வீடு தலைகீழானது. மருமகள் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் சேற்றுக் குழாய் எடுத்தாள். சிஸ்டர் அவற்றைப் பிரசவ வார்டுக் குழந்தைகளைப் போல வரிசையாக நிறுத்தினார். மெக்கானிக் லிஃப்டைப் பாதி பிரித்துப் போட்டுவிட்டு மேலே ஓடிவந்து, குழாய்கள் சாயாமல் நிற்க லிஃப்டின் உதிரிப் பாகம் ஒன்றையே தாங்கியாக வைத்தான். அது இல்லாமல் லிஃப்ட் ஓடாது என்பது அவனுக்கு வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகையால் ஏரிக் குழு படியேறித்தான் வந்தது. குழுத் தலைவி, தையற்கடை நடத்துகிறவர், மூச்சு வாங்கியபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பொறியாளர் பெரிய உடம்புக்காரர், தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் வானத்தைப் பார்த்தார். அவர்களுக்கு மூச்சு திரும்புவதற்குள் சேறு மேடம் பேச ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை நின்றுகொண்டே.

எதையும் மறைக்கவில்லை. செடியில்லாமல் ஒப்பிட வைத்த மூன்றாம் தொட்டி கெட்டுவிட்டது என்பதையே முதலில் சொன்னாள். கெடுத்தது யார், ஏன், எப்படிப் பிடுங்கப்பட்டது, வாளி எங்கே இருந்தது என்பது வரை சொன்னாள். தலைவி சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் வானத்தைப் பார்த்தார். பொறியாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, கலப்படமான தொட்டியைக் கணக்கில் சேர்க்க முடியாது மேடம், என்றார். அது நியாயமான பேச்சு என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

“கணக்குல சேக்க வேணாம் சார். கண்ணால பாருங்க, போதும்.”

நீலக் குழாய்களை வாரவாரமாக அவர் முன்னால் நிறுத்தினாள். வெளிறி, கறுத்து, மையாகி, மறுபடி வெளிறி. மைக் குழாயைத் தொட்டு, அன்றைக்குத்தான் நட்டார்கள், படுத்த பிறகு கொடுத்த மருந்து, என்றாள். பிறகு மூன்றாம் தொட்டியின் இரண்டு சேற்றுக் குழாய்களையும் அவர் கையில் கொடுத்தாள்.

அவர் மேற்குக் குழாயை முகர்ந்தார், முகத்தைத் திருப்பினார். கிழக்குக் குழாயை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். வெயில் பக்கம் திருப்பி, துருக் கோடுகளைச் சுண்டுவிரலால் மேலிருந்து கீழே தொடர்ந்து போனார். சேறு வாருவதிலேயே தலை நரைத்தவர். இத்தனை வருஷமும் லாரி லாரியாகத்தான் சேற்றைப் பார்த்திருந்தார்.

“ரெண்டும் ஒரே தொட்டியா?”

“ஒரே தொட்டிதான் சார். ஒரு கை நீளம்தான் தள்ளி.”

“செடி செத்துப்போனா?”

அதுதான் சரியான கேள்வி. அவளுக்கு அந்த ஆள் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. செத்து அழுகினால் எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும் என்று சொன்னாள். அதனால் வாடுவதற்கு முன்னால் வெட்டிக் கரையேற்ற வேண்டும், அடிவேரை விட்டுவிட்டால் மறுபடி தழைக்கும். ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு ஏரி முழுக்கச் சத்தியம் செய்ய மாட்டேன், ஒரு மூலையில் பார்த்துவிடுகிறேன் என்றாள். சிஸ்டர் வானத்தைப் பார்த்தபடியே, குணமானதும் டிஸ்சார்ஜ் பண்ணணும், வார்டுலயே விடக்கூடாது, என்று முணுமுணுத்தார்.

பொறியாளர் கிழக்குக் குழாயைத் திருப்பித் தரவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு தலைவியிடம் பேசினார். இயந்திரத்தைத் தெற்குக் கரையில் இறக்கினால் தனக்கும் ஒன்றும் கெட்டுப்போகாது, எந்தப் பக்கம் முதலில் தெளிகிறது என்று பார்க்கத் தனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது என்றார். தலைவி தையற்காரர் பழக்கத்தில் காற்றில் விரலால் ஏரியை வெட்டினார். தெற்கு உங்களுக்கு, வடக்கு மேடத்துக்கு, அடுத்த வெயில் காலத்தில் பார்ப்போம், என்றார்.

சேறு மேடம் குதிக்கவில்லை. குதித்தால் கணுக்கால் என்ன ஆகும் என்று தெரியும். மெக்கானிக் அவளுக்கும் சேர்த்துக் குதித்தான். தாங்கி ஆடியது, பொறியாளர் பாய்ந்து பிடித்துக்கொண்டார், சேற்றுக் குழாய்கள் பிழைத்தன.

போகிற வேளையில் அவள் இன்னொன்று கேட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் கரையை யாரும் தொடாமல் அப்படியே விட வேண்டும். செடியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும். பொறியாளர் தலையாட்டினார், தலைவியும் தலையாட்டினார்.

சிஸ்டர் மட்டும் தலையாட்டவில்லை. வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமான குரலில் கேட்டார்.

“அந்த நடுத்துண்டு எந்தப் பக்கம்னு சொன்னீங்க?”

மருமகள் நொண்டிக்கொண்டே போய் வாளியின் மறுகாதைப் பிடித்தாள். அவர் விடவில்லை, இவளும் விடவில்லை. இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள், முதல் நடவு வடக்கு மூலையில் எந்த இடத்தில் என்று பேசிக்கொண்டே. தண்ணீர் ஒவ்வொரு படியிலும் தளும்பியது. செடிகள் வாளிக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து, நாடா நாடாவாக ஆடிக்கொண்டு போயின.